இடது சேனல்

தூத்துக்குடியில் பழைய லாரி வாங்கப் போகிறவர், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். அது உப்பு ஓடிய வண்டியா, கரி ஓடிய வண்டியா என்பது அங்கேதான் தெரியும். உப்பு மூட்டையில் கசியும் நீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். பாரம் தாங்குவதற்காக, சேஸிஸின் நீளவாட்டு இரும்புச் சட்டமான சேனல் ஒன்றுக்குள் இன்னொரு சேனலைச் செருகி ரிவெட் அடித்திருக்கும் இடத்தில் அந்த நீர் புகுந்துவிட்டால் வெளியே வராது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு கூடும். உள்ளே இடமில்லாமல் தகடுகளை அதுவே பிதுக்கி விலக்கும். ரிவெட் தலைகள் தெறிக்கும். மேலே அடித்த கறுப்பு பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

2012-இல் என்னிடம் வந்த காப்பீட்டு வழக்கு முழுக்க முழுக்க இப்படி ஒரு சேனலைப் பற்றியது.

கட்சிக்காரர் ஒற்றை லாரி முதலாளி. அறுபது வயதைத் தாண்டியவர். லாரியை ஓட்டியது அவருடைய மருமகன். கொல்லம் பக்கம் உப்பு ஏற்றிப் போகும்போது, ஆலங்குளம் தாண்டி இரவில் ஒரு பைக் குறுக்கே வந்திருக்கிறது. மருமகன் இடப்பக்கம் ஒடித்திருக்கிறார். வண்டி சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி ஓடைக்குள் இறங்கிவிட்டது. அவருக்கு வலது கால் முறிந்தது. லாரியின் முன்பக்கம் நொறுங்கியது, முன் ஆக்ஸில் பின்னுக்குப் போயிருந்தது, பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் இடது சேனல் இரண்டாக முறிந்திருந்தது.

காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை முழுமையாக மறுத்துவிட்டது. சேஸிஸ் துருப்பிடித்து ஏற்கெனவே முறிந்திருந்ததால்தான் வண்டி கட்டுப்பாட்டை இழந்தது என்று சர்வேயர் எழுதியிருந்தார். தேய்மானத்தால் வரும் இழப்புக்கு பாலிசியில் இடமில்லை; வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. இரண்டையும் காட்டி ஒரு பக்கக் கடிதம்.

“துருப்பிடிக்காத உப்பு லாரி எங்கயாவது உண்டா சார்? பிரீமியம் வாங்கும்போது இத ஒரு வார்த்த கேட்டாவளா?” என்றார் பெரியவர்.

அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை வைத்து வழக்கை வெல்ல முடியாது. சேனல் முறிந்ததால் விபத்து நடந்ததா, விபத்து நடந்ததால் சேனல் முறிந்ததா என்பதற்குத்தான் விடை வேண்டும். கடிதம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தது.

காவல் நிலையத்திலிருந்து வண்டியை விடுவித்து ஒரு பட்டறையில் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது முறிவு முகம் முழுவதும் ஒரே செம்பழுப்பு நிறம். சர்வேயரின் படங்களிலும் அப்படித்தான். அவர் எழுதியதில் உண்மை இருக்கிறதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவர் பார்வையிட்டது விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து. நடுவில் மழை பெய்திருந்தது. புதிதாக முறிந்த இரும்பு வெட்டவெளியில் ஒரு மழையிலேயே நிறம் மாறிவிடும். உப்பு ஊறிய இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விபத்து நடந்த மறுநாள் காலையில் கிரேன்காரர் தன் போனில் படம் எடுத்திருந்தார். தூக்கும்போது வண்டி மேலும் உடைந்தால் தன் தலையில் பழி விழக் கூடாது என்பதற்காக எடுத்த படம். அதில் சேனலின் கீழ் மடிப்பில், ஒட்டுத் தகட்டின் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பழைய துரு. மீதி முழுவதும் சாம்பல் நிறத்தில் மின்னியது. விரிசல் முன்பே இருந்தது என்பதை அந்தப் பழுப்பு சொன்னது; விபத்து நேரம் வரை சேனல் முறியாமல் பாரத்தைத் தாங்கியது என்பதை அந்த மினுக்கம் சொன்னது. அதே நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுத்த அறிக்கையும், விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்றது.

இந்த அளவில் எனக்கு நல்ல வழக்குதான். ஆனால் அந்த ஒட்டுத் தகடு எப்படி வந்தது என்று தெரியாமல் மனு எழுத எனக்கு மனமில்லை. அதைப் போட்ட மேஸ்திரியை வரவழைத்தேன்.

அவர் என் கண்ணெதிரே ஒரு சிறு சுத்தியலால் சேனலை முன்னாலிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். கேபினுக்குக் கீழே ‘ணங்’ என்று கேட்டது. பின்னால் போகப் போகச் சத்தம் மங்கியது. ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம் வந்ததும் ‘தொப்’ என்று அமுங்கியது. அங்கே உளியை வைத்து நெம்பினார். பெயின்டோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குத் துருப் பொருக்கு ஒன்று, பொரித்த அப்பளம் போல் அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகட்டில் 4 கூட மிச்சமில்லை.

விபத்துக்கு எட்டு மாதம் முன்பு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வண்டி அவரிடம் வந்திருக்கிறது. “பின்பக்கச் சேனல மாத்தணும்னேன் சார். இல்லாட்டி துருவ முழுசா வெட்டி எறிஞ்சிட்டு உள்பக்கம் நீளமா ஒரு சேனல் குடுத்து போல்ட் போடணும். பாடியத் தூக்கணும், பதினஞ்சு நாளாவது ஆகும்னேன். சீசன் நேரம், ஒட்டுப் போட்டுக் குடுங்கன்னாவ.” ஒட்டுப் போட்டார், பட்டி தடவினார், பெயின்ட் அடித்தார். எஃப்.சி. கிடைத்தது. பெயின்ட்டுக்கு அடியில் தகடு எவ்வளவு மிச்சம் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

பின்னால் எங்களுக்காக அறிக்கை கொடுத்த பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் அந்த ஒட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். லாரி ஓடும்போது சேஸிஸ் வளைந்து கொடுக்க வேண்டும். கீழ் மடிப்பில்தான் இழுவிசை அதிகம். அந்த மடிப்பின் குறுக்கே வெல்டிங் கோடு போட்டால், சூடுபட்ட ஓரத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். ஒட்டு விழுந்த இடம் விறைத்து நிற்க, வளைவு முழுவதும் அதன் ஓரத்துக்கு வந்து சேரும். விரிசல் விழுந்தது சரியாக அங்கேதான். நல்ல சேனலாக இருந்தால் அந்த மோதலில் வளைந்திருக்கும், முறிந்திருக்காது என்றும் எழுதினார். எங்களுக்குப் பாதகமான அந்த வரியை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

பிரமாணப் பத்திரம் தயாரிக்கும் அன்று பெரியவரும் மருமகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மேஸ்திரி சொன்னதை வாசித்துக் காட்டினேன். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த மருமகன் நிமிர்ந்து பார்த்தார்.

“மாத்தணும்னு சொன்னாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மாமா.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. அந்த எட்டு மாதமும் மருமகன் அதே சேனல் மேல் உட்கார்ந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கிறார். பழுது பார்க்கலாமா, மாற்றலாமா, இன்னும் ஒரு சீசன் ஓட்டலாமா என்று பட்டறை வாசலில் பேசி முடிக்கிறார்கள். ஓட்டுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. லாரித் தொழிலில் எனக்குத் தீராத வருத்தம் இதுதான். மோட்டார் விபத்து வழக்குகளில் ஓட்டுநரின் மனைவியைக் கூண்டில் நிறுத்தி வருமானக் கணக்குக் கேட்க நேரும் நாட்களில் இந்த வருத்தம் கூடும்.

“சேஸிஸுக்குப் பணம் கேட்க வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். பெரியவர் மறுத்தார். செலவுப் பட்டியலில் சேஸிஸ்தான் பெரிய தொகை. ஆனால் விபத்துக்கு முன்பே போய்விட்ட பொருளுக்கு விபத்தின் பெயரால் பணம் கேட்பது சரியல்ல. கேட்டால் மற்றவையும் சேர்ந்து போகும். கேபின், முன் ஆக்ஸில், ஸ்டியரிங், ரேடியேட்டர், கிரேன் கூலி இவற்றுக்கு மட்டும் கேட்டோம். ஒட்டுப் போட்டதையும் விரிசல் இருந்ததையும் நாங்களே மனுவில் எழுதினோம்.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில், வணிக நோக்கத்துக்கான வண்டி என்பதால் புகாரே செல்லாது என்று முதலில் வாதிட்டார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருப்பதால் அது நிற்கவில்லை. அங்கே பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களை வைத்தே விசாரணை நடக்கும், கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் குறைவு. எனவே சர்வேயருக்கு எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பினேன். எந்தத் தேதியில் படம் எடுத்தீர்கள்? அதற்கு முன் மழை பெய்ததா? கிரேன்காரர் படத்தில் மின்னும் பகுதியைத் துரு என்பீர்களா? முன் ஆக்ஸில் பின்னுக்குப் போனதற்கும் பின்பக்கச் சேனலுக்கும் என்ன தொடர்பு? கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரான பதில் வரவில்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமானது, ஆனால் அதுவே முடிந்த முடிவல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல், அதுவும் ஒரு லாரி வழக்கில், சொல்லியிருந்ததையும் காட்டினேன்.

புகார் அனுமதிக்கப்பட்டது. பத்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் உலோகப் பாகங்களில் பாதி கழிக்கப்பட்டது. டயர், ரப்பர் பாகங்களுக்கும் பாதிதான். மீதித் தொகையும் 9 சதவீத வட்டியும் கிடைத்தன. பாதகமான உண்மையைப் புகார்தாரரே முன்வைத்ததால் அவர் கூற்றை நம்பலாம் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. என் வழக்குக் கட்டுகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் உத்தரவு அது.

பணம் வந்த பிறகு பெரியவர் மறுபடி வந்தார். இடது சேனலை மாற்றி வண்டியை எழுப்பிவிடலாமா என்று கேட்டார். சேஸிஸ் எண் அடித்திருப்பது வலது சேனலில். அதைத் தொடாத வரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெரிய சிக்கல் வராது. எண் உள்ள பகுதியை வெட்டி வேறு சேஸிஸில் ஒட்டித் தருவதாகச் சொல்கிறவர்கள் உண்டு, அந்தப் பக்கமே போகக் கூடாது என்றேன். “வலப்பக்கத்தையும் முதல்ல சுரண்டிப் பாருங்க. ரெண்டு பேருமா நின்னு பாருங்க” என்று அனுப்பினேன்.

மேஸ்திரி பெயின்ட் முழுவதையும் வயர் பிரஷால் சுரண்டி எடுத்தார். வலது சேனலும் இரட்டைத் தகடு சேரும் இடத்தில் பிதுங்கியிருந்தது. இரண்டு கிராஸ் மெம்பர்களில் ரிவெட் ஓட்டைகள் நீள்வட்டமாகிவிட்டன. இரண்டு சேனலும் மாற்றினால் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். பெரியவர் அப்போதும் ஒரு பக்கத்துக்காவது ஒட்டுப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். மருமகன், “வேண்டாம் மாமா, நான் இதுல ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

வண்டி உடைப்புக்குப் போனது. நிரந்தரமாக ஓடத் தகுதி இழந்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வருவதற்குத்தான் தாமதமானது. அது வந்ததும் பதிவை ரத்து செய்தோம். எண் அடித்த துண்டைத் தனியாக வெட்டி எடுத்துக் கோப்போடு ஒப்படைக்கும்போது மருமகனும் கூட வந்திருந்தார். அதற்குள் அவர் வேறொருவரிடம் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சேர்வதற்கு முன் அந்த வண்டிக்கு அடியில் படுத்து, கையோடு கொண்டுபோன சுத்தியலால் இரண்டு சேனலையும் தட்டிப் பார்த்ததாகச் சொன்னார்.