வாரத்துக்கு ஒரு மாத்திரை

அக்டோபர் 12, டிக்லிபூர்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அக்டோபர் காய்ச்சல் என்றால் இந்த ஊர்ப் பெற்றோருக்கு முகமே மாறிவிடும். காரணம் இருக்கிறது. 1988 முதல் மழைக்காலம் முடியும் தறுவாயில் வடக்கு அந்தமானில் ஒரு காய்ச்சல் தலைகாட்டிவந்தது. சிலருக்கு இருமலோடு ரத்தம் வந்தது, உயிர்களும் போயின. என்னவென்று தெரியாமல் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே குறித்துவைத்தார்கள். எலிக்காய்ச்சல்தான் அது என்பது 1993இல் வந்த காய்ச்சலைப் போர்ட் பிளேரிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) மையத்தார் ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. எலி, மாடுகளின் சிறுநீரோடு வயல் தண்ணீரில் கலக்கும் கிருமி. காலில் ஒரு கீறல் போதும் அதற்கு.

அக்டோபர் 15

வீட்டுக்காரர் தாதாவின் குடும்பம் கிழக்கு வங்கத்திலிருந்து 1950களில் வந்து காடு திருத்தியது. நெல்தான் பிழைப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இந்தக் காய்ச்சலுக்கான ஒரு மருந்து ஆய்வில் தானும் இருந்ததாகச் சொன்னார். “வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை கொடுத்தாங்க மாஸ்டர்ஜி. ரத்தம் எடுத்தாங்க.”

“உங்களுக்குக் கொடுத்தது மருந்தா, வெறும் மாத்திரையா?”

“சொல்லலை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களா?”

அக்டோபர் 16

அந்த ஆய்வின் சுருக்கம் கிடைத்துவிட்டது. சேகல், விஜயாச்சாரி முதலானோர் 2000இல் வெளியிட்டது. 782 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. கிருமித் தொற்றில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. நோயில் விழுந்தவர்கள் மட்டும் மருந்துப் பக்கம் 3.11 விழுக்காடு, மறுபக்கம் 6.82.

இதைவிடப் பளிச்சென்ற முடிவு ஏற்கெனவே இருந்தது. 1982இல் பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கச் சிப்பாய்களிடம் இதே மருந்தைச் சோதித்தார்கள். வெறும் மாத்திரை தின்றவர்களில் 20 பேருக்கு நோய், மருந்து தின்றவர்களில் ஒருவருக்கு. ஆனால் சிப்பாய் மூன்று வாரத்தில் ஊர் திரும்பிவிடுவான். டிக்லிபூர் விவசாயி நாளைக்கும் அதே சேற்றில்தான் இறங்க வேண்டும். பனாமாக் கணக்கை அப்படியே இவர்மேல் போட முடியாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையை மதிக்கிறேன்.

அக்டோபர் 19

ஆய்வைப் பற்றிச் சொன்னதும் தலைமையாசிரியர் கோபப்பட்டார். “காய்ச்சல் பரவுற நேரத்துல பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையா? ஜனங்க என்ன சோதனை எலியா?” எலிக்காய்ச்சலுக்கு எலியையே சோதித்தால் போதுமென்றால் நல்லதுதான், அது நடக்காதே. அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. மறுபாதி இல்லாவிட்டால், மருந்து தின்றும் நோய் வந்த அந்த 3 விழுக்காடு அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் மாத்திரை தின்றவர்களும் உழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சம்மதம் கேட்டிருக்க வேண்டும், காய்ச்சல் கண்டால் அன்றே சிகிச்சை தர வேண்டும், அது வேறு பேச்சு.

2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த விவசாயி அதைத் திறந்து பார்க்கப்போகிறார்? கலந்துகொண்டவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவைச் சொல்லிவிட்டு வருவதையும் ஆய்வின் வேலையாகவே வைக்கலாம்.

அக்டோபர் 21

திண்ணையில் உட்கார்ந்து தாதாவிடம் முடிவை நானே சொன்னேன். ஒரு பக்கம் நூற்றுக்கு 3 பேர், இன்னொரு பக்கம் 7 பேர் என்று விரல்விட்டுக் காட்டினேன்.

“நான் எந்தப் பக்கம்?”

“உங்களுக்குக் காய்ச்சல் வந்ததா?”

“வரலை.”

“அப்போ மருந்துப் பக்கமாக இருக்கலாம்.”

சிரித்துவிட்டார். “ரெண்டு பக்கமும் வராதவங்கதானே மாஸ்டர்ஜி நிறைய?” எனக்குப் பதில் இல்லை. கணக்கு வாத்தியார் நான்!

பிறகு அவர் கேட்டது வேறு. மகன்தான் இப்போது வயலில் இறங்குகிறான். அந்த மாத்திரை இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? நாளை காலை அவனைக் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போய் டாக்டரிடம் கேட்பதாக முடிவு. பாதத்தில் புண் இருக்கிறது அவனுக்கு, அதையும் காட்ட வேண்டும்.