மறுக்கத் தெரியாத வயது

எங்கள் நாய் மைனாவின் வலது முன்னங்கால் பிறவியிலேயே கோணல் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தக் கால் கோணியதற்குக் காரணம் நான்தான். குட்டியின் உடம்பு தாங்காத வேலையை அதற்குக் கொடுத்தேன். அடிபட்டபோது மறைத்தேன். மறைத்ததால், உரிய நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய வைத்தியமும் அதற்குக் கிடைக்காமல் போனது. இப்போது தோட்டத்துப் பிள்ளைகளும் கைப்பேசியில் பார்த்துவிட்டு நாய்க்குட்டிகளைத் தடை தாண்டப் பழக்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். அப்பா அதே மலையில் பால் வெட்டியவர். அக்காவும் அவளுடைய மகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். மைனா அவனுடைய குட்டி. லயத்துப் பெட்டை நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்துத் தூக்கி வந்தான். தகப்பன் அல்சேஷன் கலப்பு என்று சொன்னார்கள். நீண்ட கால்கள், நிமிர்ந்த காது, கூப்பிட்டால் பாய்ந்து வரும் வேகம். அந்த வேகத்தைப் பார்த்ததும் அது என்னுடைய நாய் ஆகிவிட்டது. பையனிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். என் குற்றம் அங்கேயே தொடங்குகிறது.

சின்ன வயதில் பொலிஸ் நாய்களின் காட்சி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கண்டி அஸ்கிரியவில் பழக்கப்பட்ட நாய்கள். சுவர் ஏறின, வளையம் தாண்டின, ஒரு சைகைக்குக் கட்டுப்பட்டு நின்றன. அந்த ஆசை மனதில் கிடந்தது. பிறகு கைப்பேசி வந்தது. வெளிநாட்டு அஜிலிட்டிப் போட்டிகளை இரவிரவாகப் பார்த்தேன். 1978இல் இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் பார்வையாளர்களுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்த விளையாட்டு அது. குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு அமைத்தார்கள். ஈராண்டில், 1980இல், இங்கிலாந்தின் கெனல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் நடக்கிறது. குறுக்குத் தடிகள், குழாய்க் குகை, கூரை வடிவில் சாய்த்த இரு பலகைகள், ஏற்றப்பலகை, வரிசையாக நட்ட கம்புகளுக்கிடையே வளைந்து ஓடுதல். இவையெல்லாவற்றையும் ஆள் கூடவே ஓடிக் கையசைவாலும் குரலாலும் காட்ட, நாய் தவறாமல் முடிக்க வேண்டும்.

இங்கிலாந்துப் போட்டிகளிலும் சர்வதேச விதிகளிலும் 18 மாதம் நிறையாத நாய் களத்தில் இறங்க முடியாது. இது எனக்கு அப்போதே தெரியும். போட்டிக்குத்தானே அந்த விதி, பழக்கத்துக்கு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மைனாவுக்கு அப்போது நாலு மாதம்.

எங்கள் சப்ரகமுவ மாகாணத்து மழை தெரிந்ததே. காலையில் மழை விழுந்தால் பால் வெட்டு நடக்காது. பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும். அப்படி வேலை நின்ற காலைகளில், தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பயிற்சி தொடங்கினேன். வெட்டிப்போட்ட இறப்பர்க் கொம்புகளைக் குறுக்கே வைத்தேன். பழைய பலகை இரண்டைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டினேன். கையில் வேகவைத்த ஈரல் துண்டு. மைனா தாண்டியது. உயர்த்தினேன், மறுபடி தாண்டியது. மழைக்கு ஒதுங்கி நின்ற சனம் கைதட்டியது. ஒருவர் வீடியோ எடுத்தார். கொழும்பில் வேலை செய்யும் சொந்தங்கள்வரை அது போய், நாயையும் என்னையும் புகழ்ந்து செய்திகள் வந்தன. அதன் பிறகு மைனாவுக்காக நான் பழக்கவில்லை. அடுத்த வீடியோவுக்காகப் பழக்கினேன்.

கண்டித்தவர் ஒருவர் மட்டுமே. அப்பாவோடு பால் வெட்டிய பெரியம்மா. “தம்பி, அதுக்கு எலும்பு இன்னும் முத்தல. அது ஆசப்படுதுன்னு நீயும் ஆசப்படாத” என்றார். நான் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அவர் போனதும் தடியை இன்னொரு சாண் உயர்த்தினேன்.

ஒரு நாள் காலை. இரவு மழையில் ஊறிய பலகை அது. ஏறும்போது வழுக்காமல் ஏறிய மைனா உச்சியில் சறுக்கியது. பக்கவாட்டில் விழுந்து, முன்னங்கால்களைக் களத்துச் சீமெந்தில் ஊன்றியது. ஒரே ஒரு கத்தல். பிறகு வலது காலைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தது. அன்றைக்குப் பையன் பாடசாலையில் இருந்தான். மாலையில் கேட்டபோது, “முள்ளு குத்திருக்கும்டா, சரியாகிரும்” என்றேன். சொன்னபடியே சில நாட்களில் நொண்டல் குறைந்தது. என் பொய் பலித்துவிட்டது என்று நிம்மதி கொண்டேன்.

வெளியே தெரியாத சேதம் உள்ளே நடந்துகொண்டிருந்தது. நாயின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே ஆரை, அரந்தி என்று இரண்டு எலும்புகள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. குட்டிப் பருவத்தில் எலும்பின் நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உண்டு. எலும்பு நீளுவது அங்கேதான். அவை மென்மையானவை. மூட்டைக் கட்டிப் பிடிக்கும் நார்களைவிடவும் பலம் குறைந்தவை. அரந்தியின் கீழ்நுனித் தட்டு கூம்பு வடிவில் அமைந்திருப்பதால், மேலிருந்து வரும் அதிர்ச்சியில் எளிதாக நசுங்கிவிடும். நசுங்கினால் அரந்தியின் வளர்ச்சி நின்றுபோகும். பக்கத்திலிருக்கும் ஆரை மட்டும் வளரும். குட்டையான எலும்பு இழுத்துப் பிடிக்க, வளரும் எலும்பு வளைகிறது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்புகிறது. விழுந்த அன்று எக்ஸ்ரே படமெடுத்தாலும் இந்தச் சேதம் பிடிபடாமல் போகலாம். அதனால்தான் நோவு தீர்ந்த பிறகும் குட்டியைக் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். நான் கண்காணிக்கவில்லை. கால் கோணுவதைக் கண்ட பின்னும், வளரும்போது நேராகிவிடும் என்று நாள் கடத்தினேன்.

கடைசியில் அக்காதான் பொறுக்காமல் பேராதனைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு ஏறி, கடுகண்ணாவை தாண்டிப் போனோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலையில் படம் எடுத்துப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். ஆரம்பத்திலேயே, இன்னும் நிறைய வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே வந்திருந்தால், அரந்தியில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து ஆரையை விடுவிக்கலாம். கால் ஓரளவு தானாக நிமிரும். அந்தக் காலம் கடந்துவிட்டது. எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். பையன் என் பக்கத்தில் நின்றான். “தெரியவில்லை, பிறவியாகவும் இருக்கலாம்” என்றேன். வைத்தியரிடமே பொய் சொன்னேன்.

என்னை நானே காப்பாற்றிக்கொள்ள நெடுநாள் சில நியாயங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து நாய்க்குட்டிகள் எல்லாம் கான் தாண்டுகின்றனவே, படிக்கட்டில் உருளுகின்றனவே, அவற்றுக்கு என்ன ஆகிறது என்பது ஒன்று. அந்தக் குட்டிகள் தங்களுக்கு முடிந்த இடத்தில் தாண்டுகின்றன, முடியாத இடத்தில் சுற்றிப் போகின்றன, களைத்தால் படுத்துவிடுகின்றன. நான் உயரத்தை முடிவு செய்தேன். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று ஒரே இடத்தில் ஒரே அதிர்ச்சியை வாங்கவைத்தேன். களைத்தபோது ஈரலைக் காட்டினேன். விளையாட்டுக்கும் நான் செய்ததற்கும் உள்ள தூரம் அதுதான்.

இன்னொரு நியாயம் இதைவிட மோசமானது: மைனா விரும்பித்தானே தாண்டியது. ஆம், விரும்பியது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. ஆனால் நாலு மாதக் குட்டி எதைத்தான் மறுக்கும்? தன்னை வளர்ப்பவன் முகம் மலர்வதற்காக அது தன்னால் முடியாததையும் செய்து பார்க்கும். வலியைக்கூட உற்சாகத்தில் மறைக்கும். மறுக்கத் தெரியாத ஒன்றிடம் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. வேண்டாம் என்று அதற்காகச் சொல்ல வேண்டியவன் நான்.

இதில் என்னை அதிகம் சுடுவது என் தொழில். இறப்பர்க் கன்று நட்டு ஆறேழு வருடம் கத்தி படாமல் காக்கிறோம். அடிமரத்தின் சுற்றளவு 50 சென்ரிமீற்றர் வந்திருக்கிறதா என்று நாடா வைத்து அளந்து, தேறிய மரத்துக்கு மட்டுமே முதல் வெட்டுக் குறி போடுகிறோம். இளமரத்தில் பால் வராது என்பதல்ல, வரும். வந்த பாலுக்காக வெட்டினால் மரம் பருக்காது, அதன் ஆயுளும் விளைச்சலும் போகும். இதைப் புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு மரத்துக்குக் கொடுத்த பொறுமையை, என் காலைச் சுற்றி வந்த உயிருக்கு நான் கொடுக்கவில்லை.

அஜிலிட்டியே தப்பு என்று சொல்ல வரவில்லை. நாயும் மனிதரும் சேர்ந்து செய்யக்கூடிய நல்ல விளையாட்டுகளில் அது ஒன்று. குட்டியில் தொடங்கவும் வேண்டும். ஆனால் குட்டிக்கான தொடக்கம் நான் செய்தது அல்ல.

பேரைச் சொன்னதும் எந்த வேலையையும் விட்டுவிட்டு ஓடி வரப் பழக்குவதுதான் முதற்பாடம். கயிற்றுத் துண்டை இழுத்து விளையாடி, விடு என்றால் விடப் பழக்க வேண்டும். உட்கார்ந்து காத்திருக்க, உள்ளங்கையை மூக்கால் தொட, இடப்பக்கமும் வலப்பக்கமும் நம்மோடு திரும்பி ஓடப் பழக்க வேண்டும். தடிகளைத் தரையிலேயே கிடத்தி நடந்து கடக்க விடலாம். ஏணியைப் படுக்கவைத்துச் சட்டங்களுக்கிடையே கால் எடுத்துவைக்க விட்டால், பின்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வு குட்டிக்கு வரும். பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் நடத்தலாம்; அடியில் சிறு குச்சி வைத்தால், பலகை அசைவதற்கும் சத்தத்துக்கும் பயம் தெளியும். நேரான, குட்டையான குகைக்குள் ஓடிவர விடலாம். எல்லாம் சில நிமிடங்கள்தான். குட்டிக்கு ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். புல் தரை நல்லது. சீமெந்தும் நனைந்த பலகையும் ஆகாது. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரையான காலத்தில் குட்டி எதைப் பயமில்லாமல் பழகுகிறதோ அது வாழ்நாளுக்கும் நிற்கும். லொறிச் சத்தமும் குடையும் கூட்டமும் அதற்கு அப்போதே அறிமுகமாக வேண்டும்.

உயரமான தாண்டல், சாய்பலகை ஏற்றம், கம்புகளுக்கிடையே வேகமாக வளைதல் ஆகியவற்றுக்கு வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை பொறுக்க வேண்டும். சிறிய நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன்பே மூடிவிடும். பெரியவற்றுக்கு ஒன்றரை வயதும் ஆகும். நம் கலப்பு நாய்களின் வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் 18 மாதத்தையே எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அடிப்படை உறுதியாக இருந்தால் பொறுத்த காலம் வீணாகாது. வளர்ந்த நாய் தாண்டலைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளும்.

மைனா இன்று மெதுவாக நடக்கும், தூரம் போனால் படுத்துவிடும், குளிர் மழையில் கால் நோகும். கூப்பிட்டால் இன்னமும் வருகிறது. அதன் மன்னிப்பை நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை. அதற்கு என்மேல் குற்றம் சாட்டத் தெரியாது, அவ்வளவுதான். குற்றம் சாட்டத் தெரிந்தவன் அக்கா மகன். இதை எழுதுவதற்கு முன் அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, மழை, முள் என்று சொன்ன பொய், பேராதனையில் சொன்ன பொய். அவன் கத்தவில்லை. “அப்பவே சொல்லியிருந்தா அப்பவே பேராதனைக்குப் போயிருக்கலாமே மாமா” என்றான். மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவன் சொன்னதுதான் முழு உண்மை. விழுந்தது விபத்து என்றாவது சொல்லலாம். மறைத்தது விபத்து இல்லை. என் பேர் கெடாமலிருக்க ஒரு காலை விலையாகக் கொடுத்தேன், அதுவும் என்னுடைய காலை இல்லை.

குட்டி வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். தடியைத் தரையிலேயே வையுங்கள். ஈரப் பலகையில் ஏற்றாதீர்கள். குட்டி ஒரு நாள் நொண்டினாலும் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். யார் பிழை என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வைத்தியத்துக்கு உள்ள காலம் அதுவரை காத்திருக்காது.