மறுத்தவர் யார்?

எட்டாண்டுகள் பெங்களூரில் கைபேசிச் செயலிகள் எழுதிக்கொண்டிருந்த நான், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கடத்தூருக்குத் திரும்பி, வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் அதே தொழிலைத் தொடர்ந்தபோது, அதுவரை நான் அறிந்திருந்தது தொழிலின் ஒரு பாதியே என்பதை உணர நேர்ந்தது. பெங்களூர் அலுவலகத்தில் ஒரு மேஜை நிறையக் கைபேசிகள் இருந்தன. ஒன்று கணினியோடு பேச மறுத்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துச் செருகுவோம். அது ஏன் மறுத்தது என்று விசாரிக்க எங்களுக்கு அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை. ஊரில் என்னிடம் இருந்தவையோ ஒரு மடிக்கணினி, ஒரு கைபேசி, பொம்மிடியில் வாங்கிய ஒரு கேபிள். இவற்றில் எது மறுத்தாலும் அன்றைய காரியம் நின்றுபோகும். ஆகவே, ஒவ்வொரு மறுப்பையும் நிதானமாக உட்கார்ந்து பார்க்கவும், ‘முடியாது’ என்று இப்போது சொன்னவர் யார், எதன்பொருட்டுச் சொன்னார் என்று கேட்கவும் பழகினேன்.

இந்தப் பழக்கம் எனக்குள் வேரூன்றியது, என்னிடம் தொழில் கற்க வந்த ஒரு கல்லூரி மாணவனால். அவன் கையில் இருந்தது, தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பெற்ற மடிக்கணினி. அதன் நினைவகம் 2 ஜிபி. வசதியான கணினி உள்ளவர்கள், எமுலேட்டர் என்னும் போலிக் கைபேசியைக் கணினித் திரைக்குள்ளேயே ஓடவிட்டுத் தங்கள் செயலியைச் சோதித்துக்கொள்வார்கள். இவ்வளவு சிறிய நினைவகத்தில் எமுலேட்டர் எழுந்து நிற்கவே நிற்காது. அவன் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, பெரிய மென்பொருள்களையெல்லாம் விலக்கி, சாதாரண எடிட்டரில் எழுதி, ஒருமுறை பில்ட் செய்துவிட்டு (எழுதிய நிரலைச் செயலியாக்கும் வேலை அது) ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வரும் அளவுக்குக் காத்திருந்து வேலை செய்தான். ஆதலால், மெய்யான கைபேசி ஒன்றைக் கேபிளால் இணைத்தே தீர வேண்டும் என்பது அவன் நிலைமை. மற்றவர்களுக்குச் சௌகரியமாக இருக்கும் அந்த இணைப்பு, அவனுக்கு ஜீவாதாரமாக இருந்தது. அந்தக் கைபேசியும் அவனுடையதன்று. மரவள்ளிக் காட்டு வேலை முடிந்து அவன் தந்தை வீடு திரும்பிய பிறகு, இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

கணினியையும் கைபேசியையும் பேசவைக்கும் கருவிக்கு ஏடிபி என்று பெயர். பார்வைக்கு ஒற்றைக் கட்டளையாகத் தோன்றினாலும் அதற்குள் மூவர் இருக்கிறார்கள்: நாம் தட்டச்சிடுவதை ஏற்றுக்கொள்பவர் ஒருவர், அதை வாங்கி, கணினியின் 5037ஆம் போர்ட்டில் ஓயாமல் விழித்திருந்து, செருகப்பட்ட எல்லாக் கைபேசிகளோடும் தொடர்பு வைத்திருக்கும் சர்வர் ஒருவர், கைபேசிக்குள் இருந்து பதில் சொல்பவர் ஒருவர். இம்மூவருக்கும் நடுவே கேபிள் இருக்கிறது, கணினியின் இயங்குதளம் இருக்கிறது, எல்லாருக்கும் மேலாகக் கைபேசிக்கு உடையவர் இருக்கிறார். திரையில் தோன்றும் பிழைச்செய்தி ஒரு வரிதான். அதை அனுப்பியவர் இத்தனை பேரில் யாராகவும் இருக்கலாம். புதிதாக வருபவன் எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகி, கணினியை அணைத்துப் போட்டு, ஏதோ ஒன்று பலித்தவுடன் நிம்மதி அடைகிறான்; பலித்தது எது என்று அறியாமையால் மறுநாளும் அதே பிரயாசையைத் தொடக்கத்திலிருந்து அனுபவிக்கிறான்.

‘ஏடிபி டிவைசஸ்’ என்று கட்டளையிட்டால் இணைந்துள்ள கைபேசிகளின் பட்டியல் வர வேண்டும். அவன் அதை என்னிடம் கொண்டுவந்த இரவு வந்தது தலைப்பு மட்டுமே, கீழே ஒன்றுமில்லை.

“சார்ஜ் ஏறுதுங்ண்ணா, அப்பறம் ஏன் காட்ட மாட்டேங்குது?” என்றான்.

கேள்விக்குள்ளேயே விடை இருந்தது. சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான கேபிள்கள் சிலவற்றில் தகவலுக்குரிய இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். அவற்றில் மின்சாரம் போகும், பேச்சுப் போகாது. இதை நிச்சயிக்க ஏடிபியைக் கேட்பதில் பயனில்லை. அதற்கும் கீழே இருக்கும் லினக்ஸைக் கேட்க வேண்டும். ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்னும் கட்டளையை, கேபிளைச் செருகுமுன் ஒருமுறையும் செருகியபின் ஒருமுறையும் ஓட்டி, இரண்டாம் பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கூடவில்லை. என் கேபிளைக் கொடுத்தேன், வரி வந்தது. இருபது ரூபாய்க் கேபிளில் இருந்த குறையை அவன் அதற்கு முன் மூன்று இரவுகள் தன் நிரலில் தேடியிருந்தான் என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்ட அற்பக் காரணத்தால், அதுவும் தங்கள் அறிவின்மேல் பழிபோட்டுக்கொண்டு போகிறார்களோ!

வரி வந்த பிறகு எழுந்த மறுப்பு வேறு வகையானது: ‘நோ பெர்மிஷன்ஸ்’. இதைக் கைபேசி சொல்வதாகவே அவன் எண்ணி, கைபேசியின் அமைவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். சொன்னது கணினி. லினக்ஸில் செருகப்படும் ஒவ்வொரு கருவியும் ஒரு கோப்பின் வடிவில் தோன்றும். ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழு, மற்றையோர் என மூன்று நிலைகளில் உரிமை வகுக்கப்பட்டிருக்கும். அப்படித் தோன்றிய கைபேசி, ரூட் என்னும் தலைமைப் பயனருக்கு உரியதாகப் பதிவாகியிருந்தது. சாதாரணப் பயனராகிய மாணவனுக்கு அதில் எழுத அதிகாரம் இல்லை. எங்கோ படித்துவிட்டு அவன், ஓடிக்கொண்டிருந்த சர்வரை நிறுத்தி, கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ என்ற சொல்லைச் சேர்த்தான். அது தலைமைப் பயனரின் அதிகாரத்தை இரவல் வாங்கித் தரும் சொல். உடனே எல்லாம் நடந்தது. அவனுக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் வந்தபோது முகம் வாடியிருந்தது. கணினியை அணைத்துப் போட்டதும் பழைய மறுப்பு திரும்பிவிட்டது. அதோடு, முந்தைய இரவு பில்ட் செய்யும் கட்டளையையும் சூடோவோடு ஓட்டியிருந்தபடியால், அதனால் உண்டான கோப்புகளெல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகி, தான் எழுதிய செயலியைத் தானே மீண்டும் பில்ட் செய்ய முடியாமல் அவன் நின்றான். இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: ஏடிபி தன்னை அடையாளம் காட்ட ஒவ்வொரு பயனரின் வீட்டு அடைவிலும் ஒரு சாவிக்கோப்பு வைத்துக்கொள்கிறது, ரூட்டின் சாவி வேறு, அவன் சாவி வேறு. ஆகவே ஒரே மடிக்கணினியைக் கைபேசி இரண்டு அந்நியர்களாகப் பார்த்து இருமுறை விசாரித்தது. உரிமை இல்லாத இடத்தில் பெரிய அதிகாரத்தை இரவல் வாங்கிப் புகுந்ததன் பலன், தன் சொந்த இடத்திலேயே உரிமை இழந்ததாக முடிந்தது.

முறையான வழி அதைவிடச் சிறியது. ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் தன் தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கிலக்கப் பதினாறடிமான எண் ஒன்றைச் சுமந்து வருகிறது. கூகுளுக்கு 18டி1 என்பது போல. இந்த எண்ணோடு வரும் கருவியை இன்ன குழுவினர் கையாளலாம் என்று, லினக்ஸில் கருவிகளைக் கவனிக்கும் யூடெவ் என்னும் பகுதியின் விதிக்கோப்பில் ஒரே ஒரு வரி எழுதி, அந்தக் குழுவில் நம் பெயரையும் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, கேபிளைக் கழற்றி மீண்டும் செருகினால் போதும். எழுதினோம்; நடந்தது; அதன் பிறகு அந்த மறுப்பு வரவேயில்லை. ரூட்டுக்குப் போன கோப்புகளின் உடைமையை அவனுக்கு மாற்றிக் கொடுக்கத்தான் அன்று அதிக நேரம் ஆயிற்று.

மூன்றாவது மறுப்பு, ‘அன்ஆத்தரைஸ்டு’. இதைச் சொல்வது கைபேசிதான். 2013 பிப்ரவரியில் வந்த ஆண்ட்ராய்டு 4.2.2க்கு முன்பு, யூஎஸ்பி டீபக்கிங் (கணினியிலிருந்து கைபேசியைக் கையாளவிடும் அமைவு) திறந்திருக்கும் கைபேசியை எந்தக் கணினியில் செருகினாலும் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பதிப்பு முதல், கணினி தன் சாவியை நீட்ட, கைபேசி அதன் அடையாள எண்ணைத் திரையில் காட்டி, ‘இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?’ என்று உடையவரைக் கேட்கிறது. பூட்டைத் திறந்து கைபேசியை விழிக்கவைத்தால்தான் அந்தக் கேள்வி கண்ணில் படும். கணினித் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கேள்வி பக்கத்தில் மேஜைமேல் இருளில் காத்திருப்பது தெரிவதில்லை.

அதில் ‘இந்தக் கணினியிலிருந்து எப்போதும் அனுமதி’ என்று ஒரு கட்டமும் உண்டு. மாணவன் வழக்கம்போல் அதைத் தட்டப் போனான், நான் தடுத்தேன். கைபேசி அவன் தந்தையுடையது. அதில் அவருடைய வங்கிச் செய்திகளும் உறவினர் படங்களும் இருக்கின்றன. கேட்கப்படுபவர் அவர். அன்று அவனை வீட்டுக்கு அனுப்பி, இந்தக் கேபிள் வழியாக இந்த மடிக்கணினி என்னென்ன செய்ய வல்லது என்பதைத் தந்தைக்கு விளக்கி, அவரே விரலால் தொட்டு அனுமதிக்கும்படி செய்யச் சொன்னேன். கற்பித்தலில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். சோதனை முடிந்ததும், கொடுத்த அங்கீகாரங்களை ரத்துச் செய்யும் வரியைத் தொட்டுவிட்டுத்தான் கைபேசியைத் திருப்பித் தர வேண்டும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் தொடர்பில்லாதிருந்தால் கைபேசி தானே அந்த அங்கீகாரத்தை மறந்துவிடுகிறது. அப்படி மறப்பதைத் தொல்லை என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. எனக்கு அது விவேகமான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

பட்டியலில் சில நேரம் வரும் ‘ஆஃப்லைன்’ என்பது பெரும்பாலும் சர்வரின் மயக்கம். அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் தெளிந்துவிடும். இனி நான் சொல்ல விரும்புவது, கேபிளின் மறுமுனையில் கைபேசிக்குள்ளேயே செயலிக்கு நேரும் மறுப்பைப் பற்றி.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பால் எடுக்கும் நிலையம் ஒன்றுக்குச் செயலி செய்து கொடுத்தேன். காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறவர்களின் அளவையும் கொழுப்பையும் குறித்துக்கொண்டு, புளூடூத் வழியாகச் சிறு பிரிண்டரில் 58 மில்லிமீட்டர் அகலச் சீட்டு அடித்துத் தரும் செயலி.    நிலையத்தை நடத்தும் அம்மாள் தம் கைபேசியில் செயலியைத் திறந்தவுடன், ‘இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?’ என்ற கேள்வி வந்தது. அவர் ‘நிராகரி’ என்பதைத் தொட்டார், பிரிண்டர் கிடைக்கவில்லை.

“எல்லாத்துக்கும் சரி குடுத்துடுங்கம்மா, அப்பத்தான் பில்லு வரும்” என்றேன். பெங்களூரில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

“தம்பி, பில்லு அடிக்கிற மிஷினு இந்த மேஜை மேலயே கெடக்குது. நான் எங்க இருக்கறேன்னு அதுக்கு எதுக்குச் சாமி தெரியணும்?”

அவர் கேட்டது முற்றும் நியாயமான கேள்வி. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலிகள் ஓடும்போதே உடையவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது விதியாயிற்று. அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேடும் செயலி, கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் பொருத்தப்பட்ட அலைபரப்பிகளைக் கொண்டு ஒருவர் எங்கே நிற்கிறார் என்று ஊகித்துவிடக் கூடும். ஆகையால் தேடுவதற்கே இருப்பிட அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். காப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அது அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தபோது, பால் சீட்டு வேண்டுமானால் உன் இருப்பிடத்தைக் கொடு என்ற நிர்ப்பந்தமாக உருமாறியிருந்தது. மறுத்தவர் அவர், மறுத்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது, கேட்ட எனக்குத்தான் காரணம் இல்லை. ஏனெனில், என் செயலி எதையும் தேட வேண்டியதேயில்லை. பிரிண்டர் ஒன்றுதான், அது மேஜையை விட்டு நகர்வதும் இல்லை. கைபேசியின் அமைவுகளில் ஒருமுறை அதைப் பேர் செய்து (கைபேசியோடு இணைசேர்த்து), கேட்கும் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு பேர் செய்த கருவிகளின் பட்டியலிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு இருப்பிட அனுமதி தேவையில்லை. இரண்டு நாள் வேலை. தேடும் பகுதியை முழுதும் நீக்கிவிட்டு, அந்தக் கேள்வி இல்லாத செயலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, புளூடூத்துக்கென்று தனி அனுமதிகளை வகுத்து, இருப்பிடத்திலிருந்து அதைப் பிரித்தது. கூடவே, பேர் செய்த கருவியோடு பேசுவதற்கும் உடையவரைக் கேட்க வேண்டும் என்றாயிற்று. 2022 நவம்பர் முதல் பிளே ஸ்டோரில் புதுப்பிக்கும் செயலிகள் இதற்கு இசைய வேண்டும் என்ற கெடு வந்தபோது, என் கைபேசியில் ஓட்டிப் பார்த்தேன். ‘செக்யூரிட்டி எக்ஸப்ஷன்’ என்று ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் செயலி விழுந்தது. இம்முறை யார் மறுத்தார், எதைக் கேட்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இயங்குதளத்தின் கேள்வி தோன்றுமுன், என் சொற்களில் ஒரு திரை வைத்தேன்: ‘மேஜைமேல் உள்ள பிரிண்டரோடு பேச மட்டும் அடுத்த கேள்வி வரும். நீங்கள் இருக்கும் இடம் இந்தச் செயலிக்குத் தெரியாது.’

மாலைப் பால் நேரத்தில் அதைக் கொண்டுபோனேன். தூக்குவாளிகளோடு நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் திரையையும் அடுத்து வந்த கேள்வியையும் எழுத்துக் கூட்டிப் படித்தார், அருகிலுள்ள கருவிகளின் நிலையை அறிவது பற்றிய சொல் வந்த இடத்தில் நின்று, “யாரு நெல, தம்பி?” என்றார். “மிஷினோட நெலங்கம்மா” என்றேன். பிரிண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ‘அனுமதி’ என்பதைத் தொட்டார். முன்னால் நின்றவரின் பாலை அளந்து, எண்களை இட்டார். சீட்டு, வரி வரியாக மெல்ல வெளியே வந்தது.