அப்பா பார்க்காத சிவப்பு

என் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். சின்ன வயதில், "கடலுக்குள்ள என்னென்ன கலர் இருக்கும்ப்பா?" என்று கேட்டால், "எல்லாம் நீலந்தாம்மா. கல்லு கையை அறுத்தா ரத்தம்கூட பச்சையாத்தான் தெரியும்" என்பார். கதை விடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அவருக்கு கிளாக்கோமா. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குள் கடலடி வண்ணங்களை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்றுதான் டைவிங் கற்றேன். வாடகை கேமராவோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் போனேன்.

முதல் நாள் எடுத்ததெல்லாம் ஜேபெக் படங்கள். அத்தனையும் சாயம் போன நீலம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி போய்விடும். அப்பா சொன்னது கதை இல்லை!

மறுநாள் 'ரா' ஃபைலுக்கு மாறினேன். ஜேபெக் என்பது சுட்ட தோசை. ரா என்பது மாவு. என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்து முடிவு செய்யலாம். கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸ், மாவுப் பாத்திரத்தில் ஒட்டிய குறிப்புச் சீட்டு மாதிரிதான். பிறகு கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

அந்தத் தைரியத்தில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிட்டேன். வெயில் விழுந்த மணல் வெள்ளைத்தாளாக எரிந்துபோனது. பயிற்சியாளர் சிரித்தார். "கலரை அப்புறம் மாத்திக்கலாம் மேடம். எரிஞ்சுபோன வெளிச்சம் திரும்ப வராது." ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றும் மாவையே மாற்றுபவை. அதன்பின் கவனமாக எடுத்தேன்.

ஆனாலும் கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வந்தது. கேமராவுக்கு வந்து சேராத ஒளியை எந்த ஃபைலும் தராது. மூன்றாம் நாள் ஃபிளாஷ் பொருத்தி, 12 மீட்டர் ஆழத்தில் ஒரு கடல் விசிறியின் பக்கத்தில் போய் எடுத்தேன். ஒளி கடக்க வேண்டிய தண்ணீர் குறைவு என்பதால் சிவப்பு தப்பித்தது. குங்குமச் சிவப்பு!

ஊருக்கு வந்து போனில் காட்டினேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம்?"

"12 மீட்டர்ப்பா."

"ஆறரைப் பாகம். இதை நான் கறுப்புச் செடின்னு கையால ஒதுக்கிட்டுப் போயிருக்கேம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் பார்த்த மாதிரி படம் இல்லையா?" என்றார்.

இரண்டாம் நாள் ஃபைல் ஒன்றைத் திறந்தேன். நான் பாடுபட்டுச் செய்த வண்ணத் திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். திரை முழுக்க நீலம் திரும்பியது.

"ஆமா, இதுதான்" என்றார் அப்பா.

இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரின்ட் போட்டு, அவர் கட்டிலுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.