முரட்டு நூல்

நூல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டென்பதைத் தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து, நூல் உண்டாகும் வகையைக் கூறுகின்றார். அதனை அடுத்து, தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல ஏட்டு நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்றும் உரைக்கின்றார். எம் ஆசிரியர் இப்பகுதியை வகுப்பில் விளக்கியபோது யான் தலை குனிந்துகொண்டேன். கோணலையே தன் இயல்பாகக் கொண்ட நூலொன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதற்கு யான் இழைத்த பிழையும் ஒன்று இருந்தது.

புதுவை முத்தியாலுப்பேட்டையைக் கடந்து வடக்கே வருவோர்க்கு எதிர்ப்படும் ஊர் எங்கள் கோட்டக்குப்பம். கிழக்கே கடல், கடற்கரைச் சாலை வழியே மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். என் பாட்டனார் நாள்தோறும் சைக்கிளில் புதுவைக்குச் சென்று, பஞ்சாலையொன்றில் பாவு நூலுக்குக் கஞ்சியேற்றும் பகுதியில் உழைத்தவர். 1936ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், எட்டு மணி நேர வேலை முதலியவற்றைக் கோரிப் போராடிய புதுவை ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியினர் துப்பாக்கியாற் சுட, 12 பேர் மாண்டனர். அப்போது பாட்டனார் பிறக்கவேயில்லை. ஆயினும் அந்நாளைக் கண்ணாற் கண்டவர்போலவே எங்களுக்குக் கூறுவார். அவர் உழைத்த ஆலை 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலைக் கழிவை எடைக்கு விற்ற கடையொன்றிலிருந்து சில கோன் நூலை விலை கொடுத்து வாங்கி வந்தார். “இதற்குக் கஞ்சி போட்டது என் கையாகவே இருக்கலாம்” என்று சொல்லிப் பாட்டியாரின் மடியில் வைத்தாராம்.

பாட்டியார் புதுவையில் கன்னியர் மடத்துப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். படித்த பாடம் மறந்து போயிற்று. அங்குக் கற்ற பின்னல் மறக்கவில்லை. மிஷன் மாதரிடம் நம் பெண்டிர் ஊசிவேலை கற்ற வரலாறு மிகப் பழையது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகளார் எலிசா, கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைத் துணையாகி, இடையன்குடியில் அத்தொழிலை வளர்த்தார். 1856ஆம் ஆண்டில் ஐயர் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலைப் போற்றும் நாம், அம்மையார் கையாண்ட நூலை நினைப்பதேயில்லை!

அம்மாதர் கையாண்டது மெல்லிய நூல். பாட்டியாருக்கு வாய்த்ததோ பத்தாம் நம்பர் நூல். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்குமோ அதுவே நூலின் நம்பராம். ஆதலின் எண் குறையக் குறைய நூல் பருக்கும். பருமனைப் பொறுத்துக்கொள்ளலாம், குணத்தை என் செய்வது? கஞ்சியால் விறைத்தது, இடையிடையே திரள் திரளாய்த் தடித்தது. கம்பளி நூலை இழுத்து விட்டால் சுருங்கி மீளும். பருத்தி நூலுக்கு அத்தன்மை இல்லை. ஒற்றை முறுக்கு நூலாதலின் அம்முறுக்கு எப்போதும் அவிழவே முயலும். அம்முயற்சியால் கண்ணிகள் யாவும் ஒரு பக்கமாய்ச் சாயும். சதுரமாகத் தொடங்கிய துணி சாய்சதுரமாய் முடியும். இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் இக்குறை தீரும். பாட்டியாருக்கு அத்தனை பொறுமை இல்லை. ஆறு இழைகளை வெறுமனே சேர்த்தெடுத்துப் பின்னினார். இரும்பு ஊசிகளோ எங்கள் ஊர் உப்புக்காற்றில் துருவேறி நூலைக் கறைப்படுத்தின. பாட்டனார் மூங்கிலைச் சீவி ஊசி செய்து கொடுத்தார்.

இந்நூலால், யான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, கையில்லாச் சட்டை ஒன்று பின்னித் தந்தார்கள். அது கழுத்தை அறுத்தது. ஒருமுறை துவைத்ததும் தன் பாரத்தால் தானே நீண்டு தொடைவரை தொங்கியது. வலப்புறத் தையல் வயிற்றின் நடுவே வந்து நின்றது. விடுதி நண்பர் சிரித்தனர். அவர்களைக் குறை சொல்லேன். யானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பின்னர் அச்சட்டை என் சைக்கிள் சங்கிலியைத் துடைக்கும் துணியாயிற்று.

2024ஆம் ஆண்டில் பாட்டனார் காலமானார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பாட்டியார் என்னை நோக்கி, “அந்தச் சட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா, ராசா? கோனில் இருந்த நூல் முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று” என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். சொல்லளவில் அது பொய்யன்று.

சென்ற கோடை விடுமுறையில் அதனை எடுத்துச் சென்று அவர் முன் வைத்தேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் கோபிப்பார் என்றெண்ணினேன். அழுவார் என்றும் அஞ்சினேன். அவரோ வெளிச்சத்தில் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “எண்ணெயை நன்றாகக் குடித்திருக்கிறதே” என்று மட்டும் கூறினார். அச்சொல் ஏச்சோ, ஆராய்ச்சியோ என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் விடை கிடைத்தது. என் அத்தை மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்பவர். பாத்தியில் வாரிய ஈர உப்பைக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்து வரப்பிலே அம்பாரமாகக் கொட்டுவது பெண்களின் வேலை. கூடையிலிருந்து வடியும் உப்புநீர் சும்மாட்டில் இறங்கி உச்சந்தலையைப் புண்ணாக்கும். பழஞ்சேலைச் சும்மாடு நனைந்ததும் துவண்டு வழுக்கும்; காய்ந்தால் உப்பேறிக் கல்லாகும். (சும்மாடு என்பது சுமையடை என்னும் சொல்லின் மரூஉ. அன்று அதைச் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.) வழுக்காதது, எளிதில் நசுங்காதது, நீரை உறிஞ்சுவது, நனைந்தால் வலுக் குறையாதது எனச் சும்மாட்டிற்கு வேண்டியவற்றைப் பாட்டியார் விரல்விட்டு எண்ணினார். கம்பளி நனைந்தால் வலிமை குன்றும். பருத்தியோ நனைந்தால் மிகும்.

இருவரும் சட்டையைப் பிரித்தோம். பிரிந்த நூல் சுருள் சுருளாய் நின்றது. அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கிடத்தில் தளர்வாகக் கட்டி, பூந்திக்கொட்டை கரைத்த வெந்நீரில் ஊறவைத்தோம். எண்ணெய் பெரும்பாலும் நீங்கியது. எஞ்சியிருந்த கஞ்சியும் கரைந்து போயிற்று. அம்மிக் குழவியைக் கீழே கட்டித் தொங்கவிட்டதும் சுருள் நிமிர்ந்தது.

பாட்டியாரின் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. ஆதலின் பின்னியவன் யானே. ஆடவன் பின்னுவதா என்று பக்கத்து வீட்டார் வியந்தனர். எங்கள் கடற்கரையில் ஆண்கள் மணலிற் குந்தி வலையூசியால் நாள் முழுதும் நைலான் வலை பின்னுவதை அவர்கள் பின்னலாகவே எண்ணுவதில்லை போலும்! பன்னிரண்டு நாளில் ஒரு முழத்திற்குச் சற்று மேற்பட்ட பட்டையொன்று முடிந்தது. வழக்கம்போல் அதுவும் சாய்ந்தே வந்தது. ஆயின் வளையமாக்கியபோது, ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருந்த இரு முனைகளும் ஒன்றோடொன்று படிந்து பொருந்தின. தையலும் உச்சியில் உறுத்தாதபடி சரிந்து அமைந்தது. அதை யான் திட்டமிட்டுச் செய்ததாகப் பாட்டியார் அத்தையிடம் சொன்னார். மறுக்கலாமா என்று எண்ணி, விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தை தொலைபேசியில் அழைத்தார். புண் ஆறி வருகின்றதென்றும், பக்கத்துப் பாத்திப் பெண் தனக்கும் ஒன்று கேட்கிறாளென்றும் கூறினார். மீதி நூலைப் பாட்டியார் கையால் அளந்து பார்த்தார். முக்கால் வளையத்திற்கே போதும். கடையில் வேறு நூல் வாங்கி வரட்டுமா என்று வினவினேன்.

“முதலில் முக்காலைப் பின்னு” என்றார்.