மின்கம்பியும் தேசப்படமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு நோக்கிச் செல்லுங் கடற்கரையில், ஆலந்தலை என்னுஞ் சிற்றூர் ஒன்று உளது. அஃது யாம் பிறந்து வளர்ந்த ஊர். கல்லூரியில் எம்முடன் பயின்ற நண்பர் சிலர் அவ்வூரைத் தேசப்படத்திற் காட்டுமாறு கேட்பதுண்டு. எட்டரைப் பாகைக்குச் சற்றே தெற்கில் விரலை வைப்போம். விரலடியில் எமதூரோடு திருச்செந்தூரும் மறைந்துபோகும். அத்துணைச் சிறிய ஊரின் ஒவ்வொரு மின்கம்பத்தையுங் கணிப்பொறி ஒன்று தனித்தனியே அறிந்திருத்தல் கூடும் என்று அக்காலத்தில் எவரேனுஞ் சொல்லியிருப்பின் நகைத்திருப்போம்.

இம்முறைக்குப் புவியியல் தகவல் முறை என்று பெயர். பெயர் பெரிதாயினுங் கருத்து எளிது. ஊழியர் ஒருவர் கைக்கருவி ஒன்றுடன் கம்பம் கம்பமாய் நடந்து செல்கிறார். செயற்கைக்கோள்கள் அனுப்புங் குறிகளைக் கொண்டு அக்கருவி தான் நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையுங் கணித்துரைக்கும். துணைமின் நிலையத்தினின்று 11,000 அல்லது 22,000 வோல்ட் அழுத்தத்திற் புறப்படும் பீடர் எது, அஃது எந்த டிரான்ஸ்பார்மரில் இறங்குகின்றது, அங்கிருந்து எக்கம்பத்தின் வழியாய் எவ்வீட்டு மீட்டருக்குச் செல்கின்றது என்னுந் தொடர்ச்சி முழுதும் பதிவாகும். சாதாரணத் தேசப்படம் எப்பொருள் எங்கே உளதென்று மட்டுஞ் சொல்லும். இப்படமோ எஃது எதனோடு பிணைந்துளது என்பதையுஞ் சொல்லும். பத்து வீட்டார் விளக்கில்லையென்று முறையிட்டால், அப்பத்து வீட்டிற்கும் பொதுவான டிரான்ஸ்பார்மரைக் கணிப்பொறி நொடியிற் காட்டிவிடும். டிரான்ஸ்பார்மர் வழங்கிய மின்சாரத்தின் அளவையும், அதன்கீழுள்ள மீட்டர்கள் காட்டும் அளவுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு நோக்கினால், இடையே ஒழுகிப்போனது எவ்வளவென்பதும் வெளிப்படும்.

இவ்வொழுக்கைக் கண்டறியும் பொருட்டே இந்திய அரசு 2008-ஆம் ஆண்டில் மின்பகிர்மானச் சீர்திருத்தத் திட்டத்தைப் புதுக்கி, 30,000 மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் மின்கம்பிகளையும் நுகர்வோரையும் இவ்வாறு படமேற்றப் பணித்தது. தமிழ்நாட்டில் மின்சார வாரியமும், 2010-இல் அதனின்று தோன்றிய உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமும் அவ்வேலையை நடத்தின. நகரம் முந்துவதும் சிற்றூர் பிந்துவதும் எல்லாத் திட்டங்களுக்கும் உரிய வழக்கமன்றோ!

எமதூர்ப் பெரியோர்க்கு இஃதொன்றும் புதுமையாய்த் தோன்றவில்லை. கடலில் நின்று, கரையிலுள்ள கோவிற் கோபுரத்தை ஒரு பனையோடு நேர்ப்படுத்தி, வேறிரு குறிகளையும் அவ்வாறே நேர்ப்படுத்தி, இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் நீரடியிலுள்ள பாரைக் கண்டு தொழில் செய்தவர்கள் அவர்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. மீன்பிடிப்பார்க்கோ அக்குறிகள் பின்னும் உதவின. அவற்றை எவரும் எழுதிவைத்தாரல்லர். தந்தை மகனுக்குச் சொல்வார். சொல்லாது கண்மூடினால் அந்தப் பாரும் அவரோடு போயிற்று.

மின்கம்பிகளின் செய்தியும் எமதூரில் நெடுங்காலம் அவ்வாறே ஒருவர் மனத்தில் இருந்தது. அவரை லயன்மேன் அண்ணாச்சி என்றே அனைவரும் அழைப்போம். எக்கம்பத்தின் இரும்பை உப்புக்காற்று தின்றிருக்கின்றது, எந்த இன்சுலேட்டரில் உப்புப் படிந்து மார்கழிப் பனியில் தீப்பொறி பறக்கும், கடல் அரித்தமையால் எக்கம்பம் உள்ளே தள்ளி நடப்பட்டது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். “அந்தோணி வீட்டில் விளக்கில்லை, அண்ணாச்சி” என்று யாம் சென்று நின்றால், “எந்த அந்தோணி? தெருவுக்கு நாலு பேர் இருக்காங்களே, பட்டப்பெயரைச் சொல்லு, தம்பி” என்பார். கணிப்பொறியும் பெயரை நம்புவதில்லை. மின்இணைப்பு எண்ணையே கேட்கின்றது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளிற் பெய்த மழையை எம் ஜில்லாவினர் மறந்திரார். வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரு நாட்பொழுதில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மின்சாரம் நின்றது, கைத்தொலைபேசிகளும் வாயடைத்தன. வெள்ளம் வடியத் தொடங்கியபின் வெளியூரிலிருந்து மின் ஊழியர் சிலர் எமதூருக்கு வந்தனர். இரவும் பகலும் உழைத்து ஓய்ந்த முகத்தினர். எந்தப் பீடர் எங்கே பிரிகின்றதென்று அறியக் கையில் ஒன்றுமில்லை. தேசப்படம் எவ்விடத்தில் எவ்வளவு செவ்வையாய் இருந்தால்தான் என்ன? அதைத் திறப்பதற்கும் மின்சாரமுந் தொலைபேசியும் வேண்டுமே!

ஓய்வுபெற்று வீட்டிலிருந்த அண்ணாச்சியை அழைத்து வந்தோம். அவர் ஒரு குச்சியெடுத்து ஈரமணலிற் கோடிட்டார். பீடர், பிரியுமிடம், டிரான்ஸ்பார்மர், தெருக்கள் யாவும் அங்கே விரிந்தன. வந்தவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டனர். பின்பு அவர் தலைநிமிர்ந்து, “யார் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுது?” என்று வினவினார்.

எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பிணியுற்றிருந்த எம் அன்னையார்க்கு மின்விசிறி வேண்டுமென, முதல்நாள் மாலை ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொணர்ந்து, மாற்றுச் சுவிட்சு ஏதுமின்றி, இருபுறமும் முளையுள்ள ஒயரால் சுவர்ப் பிளக்கிலே செருகியிருந்தோம். மெயினை இறக்கினோமில்லை. அவ்வாறு செருகிய மின்சாரம் வீட்டோடு நில்லாது, வெளிக்கம்பியில் ஏறும், டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாய்க் கடந்தால் 230 வோல்ட்டாய்ச் சென்றது பல்லாயிரம் வோல்ட்டாய் மாறும். அறுபட்டுக் கிடப்பதென்று நம்பிக் கம்பியைத் தொடுபவன் கதி யாதாகும்? பௌதிகம் படித்த எமக்கு இது தெரியாததன்று. எந்தக் கணிப்பொறிப் படத்திலும் அந்த ஜெனரேட்டர் இல்லை, மணற்படத்திலும் இல்லை.

“எங்க வீட்டில் ஓடுது, அண்ணாச்சி” என்றோம்.

“மெயின் இறக்கியாச்சா?”

“இல்லை.”

அவர் சினந்தாரில்லை. “ஓடு, தம்பி” என்றார்.

யாம் ஓடி அதனை நிறுத்தி மீண்டபோது, மணற்படத்தில் எமது வீட்டிருக்கும் இடத்தில் ஒரு கிளிஞ்சல் வைக்கப்பட்டிருந்தது. அடுத்த தெருவில் இன்னும் இரண்டு. அவ்விரு வீட்டிற்கும் சிறுவர் ஓடியிருந்தனர். அண்ணாச்சி செவிசாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். எஞ்சின் ஓசை ஒவ்வொன்றாய் அடங்கி, அலையோசை மட்டும் எஞ்சிய பின்னரே, இருபுறமும் எர்த் கம்பி மாட்டிவிட்டு ஏணியைச் சாய்க்கும்படி அவ்வூழியர்களிடஞ் சொன்னார்.