சின்னத் தீ, பெரிய தீ

காட்டுத்தீன்னா நமக்குத் தெரிஞ்ச ஒரே பதில், அணைக்கணும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில ட்ரெக்கிங் போன 20-க்கும் மேற்பட்டவங்க தீயில சிக்கி இறந்தாங்க. சனி ஞாயிறு வந்தா மலையேறக் கிளம்புற ஆளுங்கறதால எனக்கு அது வெறும் செய்தி இல்லை. இருந்தாலும் சொல்றேன், எல்லாத் தீயையும் தடுத்தா காடு பிழைச்சுடும்னு எனக்குத் தோணலை.

சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கம் பிலிகிரி ரங்கன் மலை இருக்கு. 'சோளகர் தொட்டி' நாவல் படிச்சவங்களுக்கு சோளகர்களைத் தெரிஞ்சிருக்கும். இந்த மலையிலயும் அவங்கதான். கோடை முத்துறதுக்கு முன்னாடியே, காட்டுல கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, சருகுக்குத் தீ வைக்கிறது அவங்க வழக்கம். அதுக்கு 'தரகு பெங்கி'ன்னு பேர், அதாவது சருகுத் தீ. தரையோட தவழ்ந்து போய் அடங்கிடும். பெரிய மரங்களுக்குச் சேதம் இருக்காது, புதுசா புல் வரும்.

1974-ல் அந்த மலை சரணாலயம் ஆச்சு. தீ வைக்கிறது குத்தம் ஆச்சு.

அப்புறம் நடந்ததுதான் மேட்டர். அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி காட்டுக்குள்ள புகுந்துச்சு. ஒரே இடங்களை 1997-லும் 2008-லும் அளந்து பார்த்திருக்காங்க. 11 வருஷத்துல அது பரவியிருந்த இடங்கள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! சோளகர்கள் காய் பறிக்கிற நெல்லி மரங்கள்ல புல்லுருவி ஏறிடுச்சு. சருகுத் தீ இருந்தவரைக்கும் ரெண்டும் அடங்கிக் கிடந்துச்சுங்கறது சோளகர்கள் சொல்ற கணக்கு.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது புரியும். லாக் ஃபைலை அப்பப்ப அழிக்காம விட்டா, ஒருநாள் நடுராத்திரி சர்வரே படுத்துடும். காட்டுலயும் அதேதான். காய்ஞ்ச உண்ணிப்புதர் ஏணி மாதிரி தீயை மரத்து உச்சிக்கு ஏத்திவிடும். கோடை வேற வருஷத்துக்கு வருஷம் சூடாயிட்டே போகுது.

அதுக்காக நாளைக்கே போய் தீக்குச்சி கிழிக்கச் சொல்லலை. புதர் மண்டிக் கிடக்குற இடத்துல இப்ப தீ வெச்சா அது சருகுத் தீயா இருக்காது. முதல்ல உண்ணியை வேரோட பிடுங்கணும். அப்புறம் பருவம் பார்த்து, விஷயம் தெரிஞ்சவங்க கையால, வனத்துறையும் கூடவே நின்னு வைக்கணும்.

விஷயம் தெரிஞ்சவங்க யாருங்கறதுதான் என் கவலை. 2011-ல் சோளகர்களோட சமூக வன உரிமையை அரசு ஏத்துக்கிச்சு. நல்லது. ஆனா தடை வந்து 50 வருஷம் தாண்டியாச்சு. காத்து எந்தப் பக்கம், சருகு எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு பார்த்துத் தன் கையால தீ வெச்சவங்க இன்னைக்குத் தாத்தா பாட்டிங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த மேனுவல்லயும் இல்லை. பேரப்பிள்ளைங்க அதைப் பக்கத்துல நின்னு பார்த்துதான் கத்துக்க முடியும்.

உண்ணியை எப்ப வேணாலும் வெட்டிக்கலாம். அந்தப் பெரியவங்க எத்தனை வருஷம் இருப்பாங்க?